சொரூபம் பார்த்த மிதவை

எங்கள் கலேத்தாவில், இந்த மீனவர் குப்பத்தில், மர்லெனியைத் திட்டாத ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் கோயில் மணி அடிக்கிறவர். அவருக்குக் காது கேட்காது, அவள் என்ன செய்கிறாள் என்பதே இன்னும் அவருக்கு எட்டவில்லை. இன்னொருத்தன் நான். கயிறு, டிரம், இரும்புக் குழாய், சுண்ணாம்புத் தூள் என்று வருஷா வருஷம் என் கடையில் அள்ளிக்கொண்டு போகிறவளை நான் எந்த வாயால் திட்ட?

கடை அவள் வீட்டுக்கு நேர் எதிர். என் தாத்தா லெபனானிலிருந்து துணி மூட்டையோடு வந்து இந்த மனாபிக் கரையில் இறங்கியவர். மூன்று தலைமுறை ஆகியும், நாயிப்பு என்று எனக்கொரு பேர் இருந்தும், ஊருக்கு இது 'துருக்கிக்காரன் கடை'தான். நாங்களும் திருத்தப் போகவில்லை. திட்டிக்கொண்டே படியேறுகிறவனும் ஆணி வாங்கத்தானே ஏறுகிறான்.

மர்லெனி பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சர். ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்த டிரையத்லானைத் தொடங்கினாள். குடாவில் ஆயிரத்தைந்நூறு மீட்டர் நீச்சல், கரையேறிய ஈரத்தோடு சைக்கிளில் நாற்பது கிலோமீட்டர், அதை வீசிவிட்டுப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். ஊரில் அதற்குப் பேர் 'மூணு தண்டனை'. முதல் வருஷம் பதினெட்டுப் பேர் வந்தார்கள். அதில் ஒன்பது பேர் அவளுடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், நாலு பேர் வழி தவறி வந்த வெள்ளைக்காரர்கள். இந்த வருஷம் முந்நூற்று நாற்பது. குவயாகில், கீத்தோ மாதிரிப் பெரிய நகரங்களிலிருந்து சைக்கிளைக் காரின் உச்சியில் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

வளர வளர வெறுப்பும் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து மதியம்வரை கடற்கரைச் சாலை அடைப்பு. பஸ் கிடையாது. மீன் லாரி விடியுமுன்னே ஊரை விட்டுப் போயிருக்க வேண்டும். நாய்களைக் கட்டிப்போட வேண்டும். பூசையைச் சாயங்காலத்துக்குத் தள்ள வேண்டும். நாலாம் வருஷம் ஒரு சைக்கிள்காரன் பக்கத்து வீட்டு எர்மெலிந்தாவின் கோழிமேல் ஏற்றிவிட்டான். அவள் இன்றைக்கும் அந்தக் கோழியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், அது உயிரோடு இருந்திருந்தால் முட்டையிட்டே ஊரை மூடியிருக்கும் என்று தோன்றும்.

மர்லெனி எதற்கும் அசரவில்லை. கரையோரத்தில் நாலு ஊரில் இந்தப் பந்தயம் நடக்கிறது. மண்டல இறுதிப்போட்டி இனிமேல் எந்த ஊரில் என்பதை டிரையத்லான் சம்மேளனம் இந்த வருஷம் முடிவு செய்யும். எங்கள் ஊர், இல்லையென்றால் தெற்கே இருக்கிற ஹோட்டல்காரர்களின் ஊர். ஹோட்டல் ஊரில் சாலை நல்ல சாலை. எங்களிடம் கடல் நல்ல கடல். இறுதிப்போட்டி வராவிட்டால் அடுத்த வருஷம் பாதிப்பேர் அங்கே போய்விடுவார்கள், அதற்கடுத்த வருஷம் மீதிப்பேர். ஏழு வருஷம் தூக்கி நிறுத்தியது சரியும். இது அவளுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும், அதனால்தான் ஊர் சந்தோஷமாகக் காத்திருந்தது.

அவள் புருஷன் எவாரிஸ்தோ மீன்பிடிக்கிறவன். பந்தயத்தன்று தண்ணீர்ப் பொறுப்பு முழுக்க அவன். மிதவை போடுவது, நீந்துகிறவர்களுக்குக் காவலாக வள்ளங்களை நிறுத்துவது, மூச்சு முட்டியவனைத் தலைமயிரைப் பிடித்துத் தூக்குவது. வள்ளங்கள் மீனவர் சங்கத்தினுடையவை. சங்கத் தலைவர் அவனுடைய அண்ணன் ஹசிந்தோ. அண்ணனும் தம்பியும் பதினோரு வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியதில்லை. சங்கத்துக்கும் பந்தயத்துக்கும் நடுவே பேச்சுச் சுமக்கிற கழுதை நான்.

பகை ஒரு பாரினால் வந்தது. குடாவுக்குள்ளே கடலடியில் ஒரு பாறைத்திட்டு. அதைப் 'பார்' என்போம். சிங்கி இறால் அதன் இடுக்குகளில்தான் அடையும். ஊர் வழக்கம் இது: பேதுரு திருநாளுக்கு முந்தின நாள் மதியம் எல்லோரும் குடாவிலிருந்து தங்கள் மிதவைகளை எடுத்துவிட வேண்டும். திருநாள் காலையில் புனிதரின் சொரூபத்தை வள்ளத்தில் ஏற்றிக் குடாவைச் சுற்றி வருவோம். சொரூபம் கடக்கிற நேரம் அவனவன் தன் இடத்தில் மிதவையை இறக்குவான். சொரூபம் பார்த்த மிதவை எதுவோ, அந்த இடம் அடுத்த திருநாள்வரை அதன் சொந்தக்காரனுக்கு. வேண்டாமென்றால் அன்றைக்குச் சூரியன் விழுமுன் எடுத்துவிடலாம். ஆனால் போட்டவன் கைதான் எடுக்க வேண்டும். அவன் செத்துப்போயிருந்தால் அவன் பெண்டாட்டி கை எடுக்கலாம். வேறு எந்தக் கை பட்டாலும் அந்தக் கைக்காரனின் வள்ளத்தைத் தள்ள இந்தக் கரையில் ஆள் வராது. எடுத்த வீடு அந்த வருஷம் முழுக்கக் குடாவில் எதையும் போடக்கூடாது.

பதினோரு வருஷம் முன்னால் அப்பன் பிரிமிதிவோ திருநாளுக்குச் சற்று முன் செத்தபோது, அவருடைய மிதவையைப் பெண்டாட்டி எடுத்துக் கரையில் நின்ற மூத்தவன் கையில் கொடுத்தாள். இளையவன் கையில் ஒன்றும் கொடுக்கவில்லை. அவன் அப்போதுதான், மலைப்பக்கம் கொக்கோத் தோட்டத்து ஊரிலிருந்து மர்லெனியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். அன்றிலிருந்து அண்ணன், தன் வீட்டு வாசல் மாதிரிக் குடாவிலேயே சிங்கி பிடிக்கிறார். தம்பி இருபது மைல் வெளியே போய்ச் சூரை மீனுக்கு அலைகிறான்.

இந்த வருஷம் பந்தயம், திருநாளுக்கு ஐந்து நாள் கழித்து. சம்மேளனத்திலிருந்து நீச்சல் பாதையை அளக்க வருகிற இஞ்சினியர் பதில்யாவுக்குத் திருநாளன்று மட்டுமே ஒழிந்தது. அதற்குள் மூன்று ஆரஞ்சு மிதவைகளும் தண்ணீரில் நிற்க வேண்டும். மர்லெனி துறைமுகக் கேப்டனிடம் கையெழுத்து வாங்கினாள், பங்குச்சாமியிடம் அனுமதி வாங்கினாள். மூன்று மிதவையும் வெறும் மணல்மேல் வருகிறமாதிரிக் கணக்குப் போட்டாள். மணலில் ஒருவனுக்கும் உரிமை இல்லை, கேட்பாரும் இல்லை. மூன்றாவது மிதவை பாருக்குத் தெற்கே எண்பது மீட்டர். எண்களைத் தாளில் எழுதிப் புருஷன் கையில் கொடுத்தாள்.

திருநாளுக்கு முந்தின நாள் மதியம் எவாரிஸ்தோ கடைக்கு வந்தான். நாலு நாளாக விடாத தூறல். அவன் தொப்பியிலிருந்து தண்ணீர் கல்லாமேல் சொட்டியது.

"நாயிப்பு, செவப்புத் துணி ஒரு முழம் குடும்."

"பந்தயத்துக்கா? அவ ஆரஞ்சுல்லா கேப்பா?"

"கயிறு ஒரசுது. சுத்திக் கட்டணும்."

கிழித்துக் கொடுத்தேன். சிவப்புத் துணி பிரிமிதிவோ வீட்டு அடையாளம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கடைக்காரன் துணியைத்தான் அளப்பான், வாங்குகிறவன் மனதை அளக்கமாட்டான். அப்படித்தான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்தபோதும் தூறல். சொரூபம் ஏறிய வள்ளம் முன்னே போனது, பின்னால் பாண்டு வாத்தியக்காரர்கள் ஏறிய வள்ளம், அதற்குப் பின்னால் முப்பது நாற்பது வள்ளம், எல்லாவற்றிலும் தோரணம் நனைந்து தொங்கியது. நான் பாண்டு வள்ளத்தில் இருந்தேன். பார் பக்கம் திரும்பும்போது முன்னே இருந்த ஹசிந்தோ தன் மிதவையைக் கையில் எடுத்துக்கொண்டு வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் எழுந்து நின்றார். இறக்கவில்லை. அப்படியே நின்றார்.

பாருக்கு நேர்மேலே ஆள் உயர ஆரஞ்சு மிதவை. அதன் கழுத்தில் சிவப்புத் துணி. சொரூபம் அதைப் பார்த்தபடியே கடந்து போனது. ஊதுகிறவன் ஊதினதைப் பாதியில் விட்டான்.

கரைக்கு வந்ததும் ஊர் கோயிலுக்குப் போகவில்லை. நேரே மர்லெனி வீட்டு வாசலுக்கு வந்தது. அவள் திருநாள் சமையலில் இருந்தாள். நிலக்கடலையை அரைத்து ஊற்றிக் கொதிக்கிற மீன்குழம்பின் வாசனை தெருவரை அடித்தது. கரண்டியோடு வெளியே வந்தாள்.

"என்ன அத்தான், ஊரே வந்திருக்கு? குழம்பு பத்தாது."

ஹசிந்தோ சிரிக்கவில்லை. "ஒன் ஓட்டப்பந்தயம் எதுக்குன்னு இன்னைக்குத்தான் வெளங்குச்சு பிள்ள. ஏழு வருசமா ரோட்ட அடைச்ச. இப்ப கடல அடைக்க."

"என்ன சொல்லுதீங்க?"

"பார் மேல ஒங்க வீட்டு மிதவை நிக்கி. செவப்புக் கொடி கட்டி, சொரூபமும் பாத்தாச்சு."

எர்மெலிந்தா கூட்டத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்: "மொதல்ல கோழி, இப்ப சிங்கி. அடுத்தால மனுசந்தான்."

மர்லெனி வீட்டுக்குள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் மேசையில் உட்கார்ந்து வாழைக்காய் உருண்டையைப் பிட்டு காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"எவாரிஸ்தோ, பார் மேலயா போட்ட?"

"மணல்லதான் போட்டேன். ராத்திரி நீவாடு இழுத்திருக்கும். கடலடி ஓட்டம் அப்படி."

"செவப்புத் துணி?"

"கயிறு ஒரசிச்சு. நாயிப்புகிட்ட கேளு."

கூட்டம் என்னைப் பார்த்தது. "துணி நான்தான் குடுத்தேன்" என்றேன். அது உண்மை. உண்மை இவ்வளவு உபயோகமில்லாமல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஹசிந்தோ தம்பியைப் பார்க்காமல் மர்லெனியிடமே சொன்னார்: "நீவாடோ பேயோ, எனக்குத் தெரியாது. பொழுது விழுமுன்னே போட்டவன் எடுக்கணும். எடுக்கலன்னா ஞாயித்துக்கிழமை சங்கத்து வள்ளம் பதினொண்ணும் கரையில கவுந்து கெடக்கும். ஒன் முந்நூத்தி நாப்பது பேரும் வாளித்தண்ணியில நீந்தட்டும்."

காவல் வள்ளம் இல்லையென்றால் நீச்சல் இல்லை. நீச்சல் இல்லையென்றால் அது வெறும் சைக்கிள் ஊர்வலம். இறுதிப்போட்டி ஹோட்டல் ஊருக்கு.

ஊர் கலைந்த பிறகு நான் ஹசிந்தோவின் பின்னாலேயே ஓடினேன். பேரம் எங்கள் ரத்தத்தில் ஓடுகிற வியாதி.

"அண்ணாச்சி, அண்ணன் தம்பிக்குள்ள என்ன? பார்ல பாதிப் பாதி வச்சுக்கிட்டா..."

"ஓய் துருக்கி, பார அறுத்து முழம் போட்டு விக்கப் போறீரா?"

"ஒரு மாசம் அவரு, ஒரு மாசம் நீங்க..."

"ஒம்ம கடையில ஒரு மாசம் நான் ஒக்காருதேன், ஒரு மாசம் நீரு ஒக்காரும். சரின்னு சொல்லும், நானும் சரிங்கேன்."

என் பேரம் அத்தோடு முடிந்தது. கடையைப் பேச்சுக்கு இழுக்கிறவனிடம் எவன் பேசுவான்?

பத்து மணிக்கு இஞ்சினியர் பதில்யா வந்தார். சுத்தமான மழைச்சட்டை, சுத்தமான செருப்பு, கையில் அளக்கிற கருவி. சங்கத்து வள்ளம் ஒன்றும் வராது என்றதால் துறைமுகக் கேப்டனின் ரப்பர் படகை வாங்கினோம். மர்லெனி, அவர், கணக்கு எழுத நான். முதல் மிதவை சரி. இரண்டாவது சரி. மூன்றாவதுக்கு வந்ததும் பதில்யா கருவியைத் தட்டிப் பார்த்தார்.

"டீச்சர், உங்க பாதை நூத்தி நாப்பது மீட்டர் அதிகமா இருக்கு."

"இருக்காது இஞ்சினியர். நான் மூணு தடவ அளந்தேன்."

"நீங்க அளந்தது தாள்ல. மிதவை நிக்கிறது தண்ணில."

"நீவாடு இழுத்திருக்கும்" என்று நான் குறுக்கே விழுந்தேன். ஒரு நாளில் ஒரே பொய்யை இரண்டு பேர் சொன்னால் அது கொஞ்சம் கெட்டிப்படும்.

மர்லெனி எழுந்தாள். சட்டையைக் கழற்றிப் படகில் போட்டாள், உள்ளே நீச்சலுடை. மூச்சை இழுத்துக்கொண்டு மிதவைக் கயிற்றைப் பிடித்தபடி தலைகீழாக இறங்கிவிட்டாள். நங்கூரமாகப் போட்டது சிமெண்டு ஊற்றின லாரி டயர். நீவாடு அதை இழுத்து வந்திருந்தால் மணலில் உழுத சால் தெரிய வேண்டும்.

பதில்யா கடிகாரத்தைப் பார்த்தார். நான் கயிற்றைப் பார்த்தேன். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். மேலே வந்தபோது அவள் உதடு ஊதாவாக இருந்தது. படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்ல. சாயங்காலத்துக்குள்ள சரியாயிரும். எழுதிக்கிடுங்க."

கரைக்கு வந்ததும் நேரே வீட்டுக்கு நடந்தாள். நான் ஈரச் சட்டையைக் கொடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன். எவாரிஸ்தோ வலை தைத்துக்கொண்டிருந்தான். அடுப்பில் குழம்பு ஆறி ஏடு கட்டியிருந்தது. திருநாள் சாப்பாட்டை யாரும் தொடவில்லை.

"கெட்டிக்கார நீவாடு" என்றாள்.

"என்ன?"

"எண்பது மீட்டர் இழுத்துட்டுப் போயி, டயரப் பாறை இடுக்குல செருகி, கல்லச் சுத்தி ரெண்டு சுத்து கயிறு போட்டு முடிச்சும் போட்டுருக்கு. ஒன் முடிச்சு."

அவன் ஊசியைக் கீழே வைத்தான். மறுக்கவில்லை. அதற்காகவாவது அவனை மெச்ச வேண்டும்.

"அந்தப் பார் எங்கப்பன் பார்."

"இருக்கட்டும். என் மிதவைய ஏன் தொட்ட?"

"சும்மா மிதவை போட்டா மத்தியானமே பாத்துருப்பான், சண்டைக்கு வந்துருப்பான். பந்தய மிதவைன்னா எவன் கிட்டப் போயிப் பாக்கப்போறான்?"

"அப்ப என் பந்தயம் ஒனக்கு முகமூடி."

"ஏழு வருசமா நான் ஒனக்கு என்ன? கூலி இல்லாத ஆள். மழையில, குளிர்ல, ஒன் ஆரஞ்சுப் பந்தப் போடவும் எடுக்கவும். கடைசில நீ மைக்குல நன்றி சொல்லுவ. தண்ணி விக்கிற கம்பெனிக்கு நன்றி, போலீசுக்கு நன்றி, கேப்டனுக்கு நன்றி. ஒரு வருசம், ஒரே ஒரு பந்து எனக்காக மெதக்கட்டும்னு நெனச்சேன். தப்பா?"

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்."

"சொன்னா விட்டுருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

அவள் முடியிலிருந்து சொட்டின தண்ணீர் தரையில் குட்டையாகிவிட்டது.

"நீ கேட்டது நியாயம்" என்றாள். "ஒங்கம்மா செஞ்சது அநியாயம். அதுக்கு ஒங்கண்ணன் வீட்டுக் கதவ ஒடச்சிருந்தாக்கூட நான் ஒன் பக்கம் நின்னுருப்பேன். இப்ப போயி எடு. பொழுது விழ நாலு மணி நேரம் இருக்கு."

"மாட்டேன்."

"ஒரு வருசம் வேலை எவாரிஸ்தோ. பஸ்காரன் கால், போலீஸ்காரன் கால், பள்ளம் அடைக்க மண்ணு தர்றவன் கால். நான் பிடிக்காத கால் இந்தக் கரையில இல்ல."

"ஒன் பந்தயம் ஒரு காலைல முடிஞ்சிரும். பார் எனக்கு ஒரு வருசம். இருபது மைல் போயி அலைய வேண்டாம். நீயே சொல்லு, எது பெருசு?"

"எடுக்கமாட்டியா?"

"என் கை எடுக்காது. வேற கை தொட முடியாது. தெரியும்ல?"

"தெரியும்" என்றாள். காய்ந்த துண்டு ஒன்றை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.

அவன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "நல்லாப் பாத்தீரா? போயி ஊரெல்லாம் சொல்லும். அதுக்குத்தானே வந்தீரு."

சாயங்காலம் தூறல் நின்று மேற்கே மேகம் பிளந்து கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. கரையில் நல்ல கூட்டம். சாராயம் ஓடிக்கொண்டிருந்தது. எவாரிஸ்தோ வருவானா மாட்டானா என்று பார்க்க வந்தவர்கள் பாதி, பந்தயம் ஒழிகிறதைக் கண்ணால் பார்க்க வந்தவர்கள் பாதி. பதில்யாவும் ஓர் ஓரமாக நின்று, யாரோ கொடுத்த வறுத்த மீனை விரல் நுனியால் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். மர்லெனி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஹசிந்தோவின் முன்னால் போய் நின்றாள்.

"அத்தான், ஒங்க வள்ளம் வேணும்."

"எதுக்கு?"

"மிதவைய எடுக்க."

"போட்டவன் எங்க?"

"அவன் வரமாட்டான். நான் எடுக்கேன்."

ஹசிந்தோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏ பிள்ள, நீ மலைக்காரி, ஒனக்கு மொறை தெரியாது. பொஞ்சாதி எடுக்கணும்னா..."

"புருசன் செத்துருக்கணும். தெரியும் அத்தான். பதினோரு வருசமா இந்தக் கரையிலதான் இருக்கேன்."

எர்மெலிந்தா மட்டும் "யேசுவே" என்றாள், அதையும் மெதுவாக.

"ஊரு அறிய எடுத்தா அது எடுத்ததுதான்" என்றார் ஹசிந்தோ. அவர் குரலில் காலையில் இருந்த முறுக்கு இல்லை. "நாளைக்கு விளையாட்டுக்குச் செஞ்சேன்னு சொல்ல முடியாது. இந்தக் கரையில அவனுக்கு வலை தூக்க ஆள் வராது, அவன் மீனுக்கு வெலை சொல்ல ஆள் வராது. அடுத்த திருநாள் வரைக்கும். என் தம்பியாக்கும் அவன்."

"தம்பின்னு இன்னைக்கு ஞாபகம் வந்துச்சா அத்தான்? பார்ல பாதி குடுங்க, நான் திரும்பிப் போயிருதேன்."

கூட்டம் முழுக்க அவர் வாயையே பார்த்தது. பாதிப் பாருக்குத் தம்பியை உயிரோடு வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு மலிவாக இந்தக் கரையில் ஒரு சரக்கும் வந்ததில்லை. அவர் வாங்கவில்லை. வள்ளத்தின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

இன்னும் நாலு பேர் வந்து தள்ளினார்கள். ஹசிந்தோவும் இன்னொருவனும் தொற்றிக்கொள்ள, வள்ளம் அலையில் ஏறியது. அவள் அணியத்தில் நின்றாள், துண்டு காற்றில் அவிழ்ந்து போனது. பாருக்கு மேலே போனதும் மறுபடி முங்கினாள். மூன்று தரம் முங்கித்தான் அந்த முடிச்சை அவிழ்க்க முடிந்தது. பிறகு கயிற்றைத் தானே இழுத்தாள். கை கொடுக்கப் போன ஹசிந்தோவைத் தள்ளிவிட்டாள் என்று வள்ளத்தில் போனவன் பின்னால் சொன்னான். டயர் ஏறியது, ஆரஞ்சு மிதவை காற்றுப்போய் வள்ளத்துக்குள் சரிந்தது. சூரியன் அப்போதும் இரண்டு விரற்கடை மிச்சமிருந்தது.

கரையில் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கேலிக்கா, வழக்கத்துக்கா, எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

பதில்யா என்னிடம் வந்தார். "மிதவைதானே எடுத்தாங்க? ஏன் எல்லாரும் துக்கவீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறாங்க?"

"ஒண்ணுமில்ல இஞ்சினியர். பாதை இப்ப சரியாயிட்டு" என்றேன்.

மறுநாள் காலை எர்மெலிந்தா துக்கத்துக் கறுப்பு உடையில், தட்டில் ரொட்டியும் காப்பியும் ஏந்தி எதிர் வீட்டு வாசலுக்கு வந்தாள். எவாரிஸ்தோ வாசலில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தான். அவள் அவனைத் தாண்டி உள்ளே பார்த்தாள்.

"மர்லெனி, மனசத் தேத்திக்கோ. நல்ல மனுசன். ஒம்பது நாள் செபம் எப்ப ஆரம்பிக்கோம்?"

"ஞாயித்துக்கிழமை கழிச்சு வாங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "ஒங்க நாயக் கட்டிப்போட மறக்காதீங்க."

எவாரிஸ்தோ கத்தியை அப்படியே அழுத்திப் பிடித்திருந்தான். கன்னத்தில் ஒரு கோடு ரத்தம் இறங்கியது.

ஞாயிறுவரை நாலு நாளும் அப்படியே போனது. மீன் லாரிக்காரன் அவன் கூடையைத் தாண்டிப் பக்கத்துக் கூடைக்கு விலை பேசினான். சீட்டாடுகிற மேசையில் அவன் வந்து உட்கார்ந்ததும் மூன்று பேரும் எழுந்து வேறு மேசைக்குப் போனார்கள். ஒரு சாயங்காலம் அவன் கடைக்கு வந்து தூண்டில் நரம்புச் சுருள் கேட்டான். நான் எடுத்துக் கொடுத்தேன்.

"நீரு எனக்கு விக்கீரே, ஒமக்குப் பயமில்லியா?"

"நான் துருக்கிக்காரன். ஒங்க செத்தவன் எனக்குச் செத்தவனில்ல."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சுருளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவர்கள் வீட்டில் அந்த நாலு நாளும் பேச்சுச் சத்தம் இல்லை. அவள் அறையில் தொப்பிகளுக்கு எண் ஒட்டினாள், தண்ணீர்ப் பொட்டலம் கணக்கெடுத்தாள், மருத்துவமனைக்குப் போன் பேசினாள். அவன் வலை தைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே ஊர் எழுந்துவிட்டது. தூறல் இல்லை, தண்ணீர் தட்டையாக, ஈயத்தகடு மாதிரி. எடுத்த வீட்டு மிதவை குடாவில் நிற்கக்கூடாது என்பதால் மற்ற இரண்டையும் எடுத்தாயிற்று; மூன்று திருப்பத்திலும் மூன்று வள்ளம் நங்கூரமிட்டு நின்றது. பார் பக்கத்துத் திருப்பத்தில் ஹசிந்தோ, தானே வந்து நின்றார். வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மீன் பொதிந்து பொரித்த வாழைக்காய் உருண்டையைத் தின்றுகொண்டிருந்தார். முந்நூற்று நாற்பது தலைகள் அவரைச் சுற்றித் தண்ணீரை நுரைக்க அடித்துக்கொண்டு போனபோதும் அவர் திரும்பவில்லை. பதில்யா கரையிலிருந்து அளந்தார். ஆயிரத்தைந்நூற்று நாலு மீட்டர். அந்த நாலு மீட்டர் ஹசிந்தோவின் உடம்பு அகலம் என்று நான் சொன்னேன், அவர் எழுதிக்கொள்ளவில்லை.

சைக்கிள் நிறுத்துகிற தொழுவத்தில் மர்லெனி சைக்கிள் மாட்டின இரும்புக் குழாய் ஒவ்வொன்றாக நடந்து எண் சரிபார்த்தாள். பாலத்துப் பக்கம் ஒருவன் விழுந்து தோள் எலும்பு போயிற்று. அவளே மோட்டார் சைக்கிளில் போய் ஏற்றி அனுப்பினாள். ஒரு பஸ் டிரைவர் தடுப்பை ஒதுக்கிவிட்டு நுழையப் பார்த்தான். பஸ்ஸின் முன்னால் போய்ப் படுத்துவிட்டாள் என்றார்கள். கடைசி ஓட்டக்காரன் பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தான். பதில்யா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கடிதம் பின்னால வரும் டீச்சர். ஆனா இப்பவே சொல்லலாம். அடுத்த வருஷத்திலிருந்து இறுதிப்போட்டி இங்கதான்."

அவள் தலையை ஆட்டினாள். கழுத்தில் விசில் தொங்கியது. வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. சந்தோஷப்படுகிறாளா என்று பார்த்தேன். அதற்குள் என் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஓய் நாயிப்பு, கோப்பையெல்லாம் வீட்டுல இருக்கு. தூக்க வாரும்."

வீட்டுக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அவள் தட்டினாள்.

"யாரு?" எவாரிஸ்தோவின் குரல்.

"நான்தான்."

"இது ஒரு விதவை வீடு. உள்ள இருக்கவன் செத்தவன். செத்தவன் எப்படி எந்திச்சு வந்து கதவத் தெறப்பான்?"

தெருவில் மெடல் மாட்டினவர்கள், வாழைப்பழம் தின்கிறவர்கள், நாயை அவிழ்த்துவிட வந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். எர்மெலிந்தா நாற்காலியையே எடுத்து வந்து போட்டுக்கொண்டாள்.

"பரிசு குடுக்கது ஒரு மணிக்கு" என்றாள் மர்லெனி கதவைப் பார்த்து.

"குடு. நானா வேண்டாங்கேன்?"

"கதவத் தெறக்க வேண்டாம். சன்னலத் தெற."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. ஜன்னலின் பலகை திறந்தது. அவன் முகம் தெரியவில்லை. திறந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

நான் மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டேன். அவள் அதில் ஏறி, விளிம்பில் வயிற்றைக் கொடுத்து, காலைத் தூக்கி உள்ளே போட்டாள். தெருவில் யாரோ கைதட்டி நிறுத்தினார்கள். ஜன்னல் வழியே எனக்கு உள்ளே எல்லாம் தெரிந்தது. அவன் மேசைக்குப் போய்ச் சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவள் அவன் முதுகுப்பக்கம் அலமாரியைத் திறந்து, கோப்பைகளை ஒவ்வொன்றாகச் சட்டை நுனியில் துடைத்து என்னிடம் நீட்டினாள். பன்னிரண்டு கோப்பை. நான் ஒவ்வொன்றாக வாங்கித் தரையில் வைத்தேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், தின்னவில்லை.

கடைசிக் கோப்பையைக் கொடுத்த பிறகு அவள் கொடியில் கிடந்த காய்ந்த சட்டையை உருவினாள். கொடியின் ஒரு முனை கதவு நிலையில் கட்டியிருந்தது. அதனால் அவள் கதவை ஒட்டித்தான் நின்றாள். மரத்தாழ்ப்பாள், ஒரு விரலால் தள்ளலாம். அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டினாள், மேலிருந்து கீழ்வரை, நிதானமாக. எவாரிஸ்தோ பிசைவதை நிறுத்திவிட்டு அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தான்.

அவள் அதைத் தொடாமல் ஜன்னலுக்கு வந்தாள். ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டு, எனக்குக் கையை நீட்டினாள்.

"நல்லாப் பிடியும் ஓய். நேரமாச்சு."